12-ஆவது வளைவில் எடுத்த படம்

அஸ்தம்பட்டி அம்மா:

கேலிக்கு ஆளான பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பெற்றோர் குழுவில் நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் கேலி செய்தவனின் அம்மா.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்காட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் 12-ஆவது திரும்பும்போது ஒரு பையன் பஸ்சிலேயே வாந்தி எடுத்துவிட்டான். என் மகன் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கினான். ஏரிக்கரையில் இறங்குவதற்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. அதன்பின் காலை வணக்கத்துக்குக்கூட அந்த முகம்தான். ஒன்பது நாள் அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை.

"நான் அவனைத் தொடக்கூட இல்லையே அம்மா, சும்மா விளையாட்டுக்குத்தானே" என்றான் என் மகன். பொய் இல்லை, அவனுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அதுதான் என் வயிற்றைக் கலக்கியது.

செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் அந்த வீட்டுக்கு அவனை அழைத்துப் போனேன். பையனின் அம்மா கொலுசுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தார். அவர் போனில் ஏதோ செய்தி வந்த ஒலி. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பையன் அப்படியே நின்றுவிட்டான். டம்ளர் நடுங்கித் தண்ணீர் அவன் காலில் சிந்தியது. என் மகன் அதைப் பார்த்தான். வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

இரவு சோற்றைப் பிசைந்தபடியே என் மகன் சொன்னான்: ஏழாம் வகுப்பில் தன்னுடைய திக்குவாயை யாரோ பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வருடம் என்னிடம் மூச்சுவிடவில்லை.

ஏற்காடு டீச்சர்:

அக்கா, அடி வாங்கியவனே அடிக்கத் தொடங்குவதை நானும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். நாம் முந்திக்கொண்டால் நம்மைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள் என்ற பயம்தான். எதிரில் இருப்பவரின் கண் தெரியாதபோது நேரில் வராத துணிச்சல் திரையில் வந்துவிடுகிறது என்று உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் எழுதினார். பெயர் தெரிந்த வகுப்புக் குழுவிலும் இதுவே நடக்கிறது. 'சும்மா விளையாட்டுக்கு' என்று இதமாகப் பெயர் சூட்டி மனசாட்சியை ஒதுக்கிவைப்பதை இன்னொரு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கியிருக்கிறார். அந்தப் பையன் சரியாகத் தூங்குகிறானா என்று விசாரியுங்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அஸ்தம்பட்டி அம்மா:

எண்ணை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் டீச்சர். மறுநாள் என் மகன் தானாகவே போய் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் எத்தனை பேர் போனில் இருக்கிறது?" இவனிடம் பதில் இல்லை. இப்போது ஒவ்வொரு வீடாகப் போய் அழிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நேற்றுவரை பதினொரு வீடு.