ஸ்பேசியஸ் என்றால் விசாலம்தானே, பிறகு ஏன் பிழை?

கொக்குவில் அப்பா:
மகள் தரம் 9 படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரையில் ஸ்பேசியஸ் வீதி, அப்பாவின் ஸ்பேசியஸ் சேர்ட், அம்மம்மாவின் ஸ்பேசியஸ் மனம் என்று எழுதியிருக்கிறாள், மூன்றுக்கும் சிவப்புக் கோடு. வீட்டைப் பற்றி எழுதின வசனம் மட்டும் தப்பிவிட்டது. அகராதியில் 'விசாலமான' என்றுதான் கிடக்கிறது. விசாலமான வீதி, விசாலமான மனம் என்று நாங்கள் சொல்கிறோம்தானே? காரணம் எழுதப்படவில்லை, எனக்கும் விளங்கப்படுத்தத் தெரியவில்லை, பிள்ளை அழுதே விட்டாள். அதோடு இன்னொன்று, மேல்மாடியை வாடகைக்கு விட ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதுகிறேன், கனடாவிலுள்ள மச்சான் 'கொமோடியஸ்' என்று போடச் சொல்கிறார். போடலாமா?

வளவுக்காரி:
அண்ணை, பிள்ளையின் தமிழ் சரி, அதுதான் அவளை மாட்டிவிட்டது. எங்கள் 'விசாலம்' வீதிக்கும் போகும், அறிவுக்கும் மனத்துக்கும் போகும். ஸ்பேசியஸ் அப்படியில்லை, அதன் அடி ஸ்பேஸ், அதாவது இடம். பெரும்பாலும் ஆளோ பொருளோ உள்ளே இருக்கக்கூடிய ஒன்றுக்குத்தான் அது பொருந்தும்: வீடு, அறை, குசினி, விறாந்தை, வான், அலுமாரி. வீதியில் நாங்கள் பார்ப்பது அகலம், அதற்கு வைட். அம்மம்மாவின் மனத்துக்கு லார்ஜ் ஹார்ட்டட் அல்லது ஜெனரஸ். எல்லாரையும் ஏற்றுக்கொள்கிற மனம் என்று சொல்ல வந்தால் ப்ரோட் மைண்டட்.

எழுத்துக்கூட்டலையும் ஒருக்கால் பாருங்கள். ஸ்பேஸில் உள்ள ஆங்கில எழுத்து 'சி' (c)தான் இதிலும் வரும். 'இடம் சார்ந்த' என்ற பொருளுள்ள ஸ்பேஷியல் (spatial) என்ற சொல்லைப் பார்த்துவிட்டு 'ரி' (t) போடுகிற பிள்ளைகள் உண்டு. வாசிக்கும்போது ஸ்பே-ஷஸ், இரண்டு அசைதான், நாங்கள்தான் மூன்றாக இழுக்கிறோம்.

தையல்மெஷின்:
சேர்ட்டுக்கு லூஸ் போதும். உடம்பில் ஒட்டாமல் வசதியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் றூமி. பை, சப்பாத்து, கார் எல்லாவற்றுக்கும் றூமி வரும், பேச்சில் புழங்குகிற சொல். நிறையக் கொள்ளும் என்று அழுத்திச் சொல்ல கபேஷஸ் இருக்கிறது, பெரிய பைக்கு, ஆழமான சேர்ட் பொக்கற்றுக்கு, நல்ல ஞாபகசக்திக்குக்கூட. ஆனால் தரம் 9 பிள்ளைக்கு அது இப்போது வேண்டாம்.

பழைய ஆசிரியர்:
தம்பி, கொமோடியஸ் பிழையான சொல் இல்லை. முதலில் 'வசதியான' என்ற பொருளில் வழங்கி, பிறகுதான் 'இடவசதியுள்ள' என்று ஆனது. நாங்கள் கொமோட் என்கிறோமே, அதற்கும் இதற்கும் ஒரே லத்தீன் வேர்தான், வசதி என்பது பொருள். ஆனாலும் புத்தக வாடை அடிக்கிற சொல், வாடகைக்கு வீடு தேடுகிற பிள்ளைகள் அகராதி எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். ஸ்பேசியஸ் போடுங்கள், அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும். அறைகளின் அளவு என்ன?

கொக்குவில் அப்பா:
எல்லாருக்கும் நன்றி, மகளுக்கு வாசித்துக் காட்டினேன், முகம் தெளிந்துவிட்டது. ஐயா, கோல் (hall) 18 அடிக்கு 14 அடி, அறை இரண்டும் பத்துக்குப் பத்து, அதிலொன்றில் அப்பாச்சியின் தேக்கு அலுமாரி நிற்கிறது, எடுக்க ஏலாது.

பழைய ஆசிரியர்:
அப்படியென்றால் ஸ்பேசியஸ் கோல் என்று மட்டும் எழுதுங்கள், அறைக்கு அளவைப் போட்டுவிடுங்கள். ஸ்பேசியஸ் என்றால் சாமான் வைத்த பிறகும் தாராளமாக நடந்து திரிய இடம் இருக்க வேண்டும். அலுமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் முட்டுமா?

கொக்குவில் அப்பா:
முட்டும் ஐயா. அளவையே போடுகிறேன்.