கடற்கரைக் கல்யாணத்துக்கு இசை: எந்த நேரத்துக்கு எது, மணலில் எப்படி வைப்பது? (நாலு பேரின் அனுபவப் பகிர்வு)

நாதசுரம், மயிலாப்பூர்

சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் மணலில் கல்யாணம் வைக்கிறவங்க பாட்டுப் பட்டியலோடதான் பேச வர்றாங்க. அதுக்கு முன்னால மணவறை எந்தப் பக்கம் பார்க்குதுன்னு முடிவு பண்ணுங்க. மணமக்கள் கிழக்கே பார்த்து உட்காரணும்னா, சென்னையில அது கடல். விருந்தினர் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாத்தான் மணமக்கள் முகம் தெரியும். காலை முகூர்த்தத்துக்கு இந்த அமைப்பு நல்லாவே பொருந்தும். விடியற்காலையில காத்து கரையிலிருந்து கடல் பக்கம் வீசும், மேளமும் காத்தோட சேர்ந்து சபைக்குப் போகும். பகல் ஏறினதும் காத்து திரும்பி கடல் பக்கமிருந்து வீசும். அப்புறம் பின்வரிசைக்குச் சரியா கேட்காது. அதனால முகூர்த்தம் காலை 6 மணிக்கு மேல எவ்வளவு சீக்கிரம் இருக்கோ அவ்வளவு நல்லது.

ராகமும் நேரத்தைப் பார்த்துத்தான். விடியலுக்கு பூபாளம், பௌளி. வெயில் ஏற ஏற பிலஹரி, கேதாரம். தாலி ஏறி கெட்டிமேளம் அடங்கினதும் ஆனந்தபைரவி. முடிவுக்கு மத்தியமாவதி, சுருட்டி. குடும்ப வழக்கம் வேறயா இருந்தா அதுதான் முதல்ல.

நீளமான ஆலாபனை மணலில் எடுபடாது. அலை இரைச்சல் விடாம ஓடிக்கிட்டே இருக்கும். மெதுவான கீழ்ஸ்தாயிப் பிடிகளை அது விழுங்கிடும். தவில் துணையோட நடுக்காலக் கீர்த்தனையா எடுத்தா கடைசி வரிசை வரை தெளிவா போகும். ரெண்டு நாதசுரம், ரெண்டு தவில் கேளுங்க. ஒருத்தர் மூச்சு வாங்கும்போது இன்னொருத்தர் பிடிச்சுக்கணும், திறந்தவெளியில இடைவெளி அப்பட்டமா தெரியும்.

சீவாளியில (நாதசுரத்தில் வாய் வச்சு ஊதுற நாணல்) மணல் ஒட்டினா சுரம் பிசிறும். மாத்துச் சீவாளி நாலஞ்சு தயாரா இருக்கணும், அணசு (நாதசுரத்தின் விரிஞ்ச அடிவாய்) தரையைப் பார்க்காம மேடை ஒன்றரை அடியாவது உயரணும்.

ஒலியமைப்பு, பாலவாக்கம்

மேலே சொன்ன காத்து விஷயம் ரொம்ப முக்கியம். எதிர்க்காத்துல சத்தம் மேல்நோக்கி வளைஞ்சு போயிடும், முன்வரிசை காதைப் பொத்தும், பின்வரிசை கேட்கலைன்னு சொல்லும். ஒலியைக் கூட்டிப் பயனில்லை. சபை நடுவுல இன்னொரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வைங்க. முன் ஸ்பீக்கரிலிருந்து 15 மீட்டர் தள்ளி வைச்சா அந்த ஜோடிக்கு 43 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்க (30 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும்). தாமதம் கொடுக்காம விட்டா தவிலின் ஒவ்வொரு அடியும் ரெட்டையா கேட்கும்.

நாதசுரத்துக்கு மைக்கை அணசுக்குள்ள நீட்டாதீங்க. நாலு அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைங்க. எல்லா மைக்குக்கும் ஸ்பாஞ்சு உறை போட்டு, மேல ரோம உறையும் மாட்டணும். ஸ்பாஞ்சு மட்டும் கடல்காத்துக்குத் தாங்காது, புஸ்புஸ்ஸுன்னு இரையும்.

சடங்கு நடத்துற வாத்தியாருக்கு (புரோகிதர்) சட்டைக் காலர் கிடையாது. அங்கவஸ்திரத்தில் மாட்டின மைக் துணி உரசி கரகரக்கும், காதில் மாட்டுற மைக்கே சரி. கெட்டிமேளம் தொடங்கின நொடியில அந்த மைக்கைக் குறைக்கணும், இல்லன்னா தவில் அதுல புகுந்து மொத்தமும் கலங்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் உட்காருறவருக்குச் சடங்கு வரிசை தெரிஞ்சிருக்கணும்.

வாத்தியார் கை காட்டுறது தவில்காரருக்குத் தெரியாமப் போறதும் அடிக்கடி நடக்குது. கேமராக்காரங்க சுத்தி நின்னுடுவாங்க. மணவறைக்கும் மேளத்துக்கும் நடுவுல சைகை கொடுக்க பெரியவர் ஒருத்தரை நிறுத்துங்க.

ஸ்டாண்டு கால் மணலில் புதையும். அடியில ரெண்டடிக்கு ரெண்டடி பிளைவுட், கால்மேல மணல்மூட்டை. கேபிள் இணைப்பை பாலித்தீனில் சுத்தி தரையை விட்டுத் தூக்கி வைங்க. சாயங்கால நிகழ்ச்சிக்கு ஜெனரேட்டர் கரைப் பக்கம்தான், அப்பதான் புகையும் சத்தமும் சபைக்கு வராது.

வீணை, அடையாறு

வரவேற்புக்கு வீணை வைக்க ஆசைப்படுறவங்களுக்கு: வீணைத் தண்டில் தந்திக்கு அடியில இருக்கிற மெட்டுகள் (உலோகக் கட்டைகள்) மெழுகில் பதிச்சவை. நேர் வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகரும், அதுக்கப்புறம் எந்தச் சுருதிக்கும் வராது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல, நிழல்ல மட்டும். அலைக்கு நடுவே மைக் இல்லாத வீணை ரெண்டாவது வரிசையைத் தாண்டாது. புல்லாங்குழல், வயலின், மிருதங்கம் மூணும் சேர்ந்தா இன்னும் எடுபடும், ஆனா குழல் வெயிலில் சுருதி ஏறும், மிருதங்கத்தின் தோல் ஈரக்காத்தில் தளரும். அரைமணி முன்னால அதே இடத்தில் கருவிகளை வச்சுட்டு அப்புறம் சுருதி சேர்க்கணும். அறைக்குள்ள சேர்த்துக் கொண்டுவந்தா முதல் பாட்டிலேயே பிரிஞ்சிடும்.

மேடையையும் சாயங்காலத்துக்குத் திருப்புங்க. கலைஞர் கடல் பக்கம், சபை கரைப் பக்கம். கடல்காத்து ஒலியைச் சுமந்து வரும். கல்யாணி, மோகனம், பூர்விகல்யாணி எல்லாம் அந்த நேரத்துக்கு அழகா இருக்கும்.

முகூர்த்த ஏற்பாடு, நீலாங்கரை

நாலரை மணி முகூர்த்தம் குறிக்கிறவங்க கவனிக்கணும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. பின்னால வந்த திருத்தத்தில் இசைக்கருவியும் சேர்ந்திருக்கு, அதனால மைக் இல்லாத மேளமும் அதுக்குள்ள வரும். தாலியை 6 மணிக்குப் பிறகான லக்னத்துக்கு வைங்க, இல்லன்னா அந்தச் சடங்கை மூடிய ஹாலுக்கு மாத்துங்க. பகல் நேரத்துக்கும் ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேணும். அதை விடுதி வாங்குமா, நீங்க வாங்கணுமான்னு முன்பணம் கட்டுறதுக்கு முன்னாலேயே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்க.