காய்ந்த மரம் எப்படி அழுகும்?

கேள்வி:
பர்மாவின் மோல்மேனில் எங்கள் பாட்டனார் கட்டிய மரவீட்டின் சமையலறைத் தளத்தை, மழைக்காலம் ஓய்ந்தபின் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் ஒரு விட்டம் பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்களாக வெடித்திருக்கிறது. விரலால் அழுத்தினால் பொடியாகிறது, ஆனால் ஈரமே இல்லை. ஆசாரி 'உலர் அழுகல்' என்கிறார். காய்ந்த மரம் அழுகுமா? வார்னிஷ் பூசினால் போதுமா?

மறுமொழி 1:
ஐயா, பெயர்தான் ஏமாற்றுகிறது. இது பூஞ்சையின் வேலை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அதில் வேர்கொள்ளாது. மரத்துக்கு வலுத் தரும் செல்லுலோஸைத் தின்றுவிட்டுப் லிக்னின் என்னும் பழுப்பான பொருளை விட்டுவைப்பதால்தான், பிறகு காய்ந்ததும் கட்டங்கட்டமாக வெடிக்கிறது. நீங்கள் பார்த்தது நோய் முடிந்தபின் கிடக்கும் உடல்.

மேல்நாட்டார் உலர் அழுகல் என்னும் 'செர்புலா லாக்ரிமன்ஸ்' 20 பாகை வெப்பத்தை ஒட்டியே செழிக்கும். 26 பாகையைத் தாண்டினால் தளர்ந்துவிடும். அதன் மேல் நீர்த்துளிகள் அரும்புவதால் 'கண்ணீர் விடுகிற' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். நம் ஊர் வெக்கையில் அது இருக்க வாய்ப்புக் குறைவு. அதே வகையில் மரத்தை இற்றுப்போகச் செய்யும் வேறு பூஞ்சையாகவே இருக்கும். மண்குழாய்கள் தென்பட்டால் கரையானும் சேர்ந்திருக்கிறது.

மறுமொழி 2:
தம்பி, தேக்கு அழுகாது என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அழுகலை எதிர்த்து நிற்பது மரத்தின் நடுப்பகுதியான வைரம் மட்டுமே. ஓரத்து வெள்ளைப் பகுதி மற்ற மரங்களைப் போலத்தான். முன்னாளில் இங்கே வீட்டு மரங்களுக்கு ஏனாஞ்சவுங் எண்ணெய்க் கிணறுகளின் கச்சா எண்ணெய் பூசுவார்கள். அதுகூட மேல்பரப்பைத்தான் காக்கும். நனைந்த மரத்தின் மேல் வார்னிஷ் பூசுவதோ, ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன், ஐயா. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய்மூட்டு சுவரோரம் கசிந்து விட்டத்தின் நுனியை நனைத்திருக்கிறது. தளத்தின் அடியில் காற்றுப் போகும் இடைவெளியையும் நாங்களே விறகடுக்கி அடைத்திருந்தோம். கசிவு நின்றுவிட்டது. பழுதான பகுதியை வெட்டினால் போதுமா?

மறுமொழி 1:
நல்ல மரம் தெரியும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி வெட்டுங்கள். புது விட்டத்தின் வெட்டுமுகத்துக்கு போரேட் என்னும் போரான் உப்பின் கரைசலைத் தாராளமாக ஊறவிடுங்கள். அது மழையில் கரைந்துபோகும், ஆகவே கூரைக்கு உட்பட்ட மரத்துக்கு மட்டுமே உதவும். நுனி சுவரைத் தொடாமல் சிறிது இடைவெளி விடுங்கள். விறகை வேறிடம் மாற்றுங்கள்.