நகரும் தடுப்புகள் மட்டும் போதுமா?

கேள்வி:
எங்கள் அலுவலகம் வேறு மாடிக்கு மாறுகிறது. ஒரே பெரிய ஹால், நகர்த்தக்கூடிய தடுப்புகள், யாருக்கும் நிரந்தர மேசை கிடையாது என்று முடிவாகியிருக்கிறது. ஊழியர் நலன் என் பொறுப்பு. "தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். நிஜமாகவே மாற்ற முடிய வேண்டுமென்றால் நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில் 1:
அலுவலக உள்ளமைப்புதான் என் தொழில். முதலில் அண்ணாந்து பாருங்கள். நகரும் தடுப்பு பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்கோடு, அதாவது கூரைக்குக் கீழே தொங்கவிடும் பொய்க்கூரையோடு, நின்றுவிடும். அதற்கு மேலுள்ள இடைவெளி வழியாகப் பேச்சு பக்கத்து அறைக்குப் போய்விடும். அதைவிட மோசம் காற்று. புதிதாக ஓர் அறையைத் தடுத்ததும் ஏசி காற்று வரும் வழி உள்ளேயும், திரும்பிப் போகும் வழி வெளியேயும் மாட்டிக்கொள்ளும். குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் வேறெங்கோ இருக்கும். அந்தச் சின்ன அறையில் ஆறு பேர் ஒரு மணி நேரம் பேசினால் கரியமில வாயு 1000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) சுலபமாகத் தாண்டும். தலை கனக்கும், கூட்டம் சோர்ந்துவிடும். அதனால் தடுப்புக்கான பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, காற்று, விளக்கு, மின் இணைப்பு மூன்றையும் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மாற்றும் உரிமை யாருக்கு? இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் ப்ராப்ஸ்ட் 1968இல் ஹெர்மன் மில்லர் என்ற மேசை நாற்காலி நிறுவனத்துக்காக உருவாக்கிய தடுப்புகள், வேலைக்குத் தக்கபடி விரித்து மாற்றிக்கொள்ளத்தான். நிறுவனங்கள் அவற்றை நெருக்கி, சதுரம் சதுரமாக அடுக்கின. கியூபிக்கிள் என்ற பெட்டி போன்ற தடுப்பறை அப்படித்தான் பிறந்தது. 1972இல் நெதர்லாந்தின் அபெல்டோர்ன் நகரில் கட்டடக்கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் கட்டிய காப்பீட்டு அலுவலகத்திலோ, செடியும் படமும் வைத்துத் தங்கள் இடத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ள ஊழியர்களுக்கு வழி இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் விளக்கை மங்கலாக்கவும் மேசையை உயர்த்தவும் முடிகிறதா என்று பாருங்கள்.

பதில் 2:
நான் காது கேட்கும் கருவி அணிபவள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்து, பேசுபவர் முகத்தில் வெளிச்சமும் விழுந்தால்தான் எனக்குப் பேச்சு பிடிபடும். அப்படி ஓர் இடத்தை தினமும் காலையில் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. நிரந்தர மேசை தேவைப்படுபவர்களுக்கு, காரணத்தைப் பத்து பேர் முன்னால் விளக்க வைக்காமல், கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஏசி வரைபடம் கேட்டிருக்கிறேன். நிரந்தர மேசை பற்றியும் பேசுகிறேன். தடுப்புகளை எல்லா இடத்திலும் சீலிங்குக்கு மேலே நீட்ட வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், நகர்த்தவே முடியாமல் போகும். இரண்டு மூன்று அறைகளை மட்டும் மேலுள்ள கான்கிரீட் தளம் வரை நிரந்தரச் சுவராக எழுப்புங்கள், தனிக் காற்றுவழியோடு. சம்பளம், உடல்நிலை, புகார் எல்லாம் அங்கே பேசலாம். மற்றவை நகரட்டும்.