பாவை செதுக்க ஆட்டுத்தோல்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மாரே, அக்காமாரே, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் பி.காம். முடித்த பெண்ணுக்காகக் கேட்கிறேன். தோலில் செதுக்கிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் தோல்பாவைக்கூத்து மேல் அவளுக்கு உயிர். வீட்டிலோ, "முதல்ல பேங்க் பரீட்சை எழுது" என்கிறார்கள். கூத்தில் பாடுவது தமிழ்க் கம்பராமாயணம், அதனால் பாடுவதில் தடையில்லை. சிக்கல் தோலில்தான். மான்தோல் 1972 வனவிலங்குச் சட்டப்படி கூடாது. ஆட்டுத்தோலை முடி சுரண்டி, இழுத்துக் கட்டி நிழலில் காயவைத்தாலும் உளி வைத்ததும் துளையோரம் கிழிகிறது. இராவணன் மகுடத்தில் அரிசியளவு துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன; 21 தேங்காய்மூடி விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கிழிசல்தான் முதலில் தெரியும். ஈரம் மிச்சமா, உளி மழுங்கலா? பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கம் பதப்படுத்தாத தோல் எங்கே கிடைக்கும்? கூத்தில் சம்பாதிக்கும் பெண்கள் இருந்தால், அவள் அப்பாவிடம் வரவு செலவை ஒளிக்காமல் ஒருமுறை பேசுங்கள். அவருடைய பயம் வருமானம் பற்றியதுதான்.