பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போடலாமா?

வணக்கம் நண்பர்களே. கணினியே தொட்டுப் பழகாத அம்மாவுக்காக ஒரு பழைய டெஸ்க்டாப்பைத் தயார் செய்கிறேன். 4 ஜிபி ரேம், சாதாரண ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இதில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை, நாளைக்கு அப்டேட் வராமல் நின்றால் யார் பார்ப்பது? விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன், வைஃபை உடனே கிடைத்தது, பிரிண்டர்தான் அசையவே இல்லை. அம்மாவுக்கு வேண்டியது யூடியூப், வீடியோ கால், தமிழில் தட்டச்சு, அவ்வளவுதான். மின்ட்டே போதுமா, கூகுளின் இயங்குதளமான குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இன்னும் எளிதாக இருக்குமா? அப்புறம், ரேமைக் கூட்டுவதா, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுவதா? இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது. பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.