1970களின் பின்பால் இயந்திரம்: வலுவிழந்த ஃப்ளிப்பர், குறைந்து விழும் புள்ளிகள்

கேள்வி

1970களின் நடுவில் செய்யப்பட்ட, நான்கு பேர் மாறி மாறி ஆடும் பின்பால் இயந்திரம் (சாய்ந்த தளத்தில் உருளும் எஃகுக் குண்டை அடித்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்) ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. மின்னணுப் பலகை எதுவும் இல்லை. ரிலேக்கள் (மின்காந்த சுவிட்சுகள்), புள்ளி காட்டும் எண் சக்கரங்கள், மணிகள் மட்டுமே. குண்டை அடிக்கும் சிறு கையான ஃப்ளிப்பர்களில் இடதுபக்கத்தது எவ்வளவு சரியாக அடித்தாலும் குண்டு பாதி உயரத்திலிருந்தே திரும்பிவிடுகிறது. 50 புள்ளி தரவேண்டிய இலக்கு சில நேரம் 30, சில நேரம் 40 மட்டுமே தருகிறது. இயந்திரத்தின் தலைப்பகுதியில் நிற்கும் பின்கண்ணாடியின் ஓவியம் செதில் செதிலாக உதிர்கிறது. எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, ஆடுதளத்துக்குப் புது வண்ணமும் பூசிவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரியான வழிதானா?

முதல் பதில்

எண்ணெய்ப் புட்டியை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். காயிலுக்குள் (மின்காந்தக் கம்பிச்சுருள்) ஓடும் உலக்கை, அதாவது இரும்புத் தண்டு, உலர்ந்த நிலையில் இயங்கும்படி செய்யப்பட்டது. அங்கே எண்ணெய் விட்டால், அது சூட்டில் தூசியோடு கலந்து பிசினாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றவும் வேண்டாம். பத்து இடங்களில் கை வைத்த பிறகு புதிதாக ஒரு கோளாறு முளைத்தால், அது பழையதா, நாம் செய்ததா என்று தெரியாமல் போகும்.

50 புள்ளி என்பது இந்த இயந்திரத்துக்கு ஐந்து பத்துகள்தான். உள்ளே சுழலும் மோட்டார் ஐந்து துடிப்புகளை அனுப்ப, ஒவ்வொன்றுக்கும் பத்தின் சக்கரம் ஒரு படி நகரும். ஆகவே இரண்டாம் ஆட்டக்காரரின் முறையில் அதே இலக்கை அடித்துப் பாருங்கள். அங்கே 50 முழுதாக விழுந்தால் குறை முதல் ஆட்டக்காரரின் சக்கரத்தில். அங்கேயும் குறைந்தால் மோட்டாரின் அல்லது ரிலேயின் தொடுமுனைகளில். தொடுமுனையைத் தேய்க்க உப்புத்தாள் கூடாது, அதன் துகள்கள் முனையில் பதிந்துவிடும். மெல்லிய அரத்தால் ஓரிரு முறை இழுத்தால் போதும், அதுவும் மின்செருகியைப் பிடுங்கிய பிறகு.

ஃப்ளிப்பர் காயிலில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. தடித்த சுற்று குண்டை அடிக்கிறது. ஃப்ளிப்பர் முழுதாக உயர்ந்ததும் அதன் அருகிலுள்ள சுவிட்ச் திறந்து மெல்லிய சுற்றையும் பாதையில் சேர்க்க, அது குறைந்த மின்னோட்டத்தில் ஃப்ளிப்பரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சுவிட்சின் முனை கரிபிடித்திருந்தால் அடியில் வலு இராது. திறக்காமலே போனால் காயில் கருகிவிடும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஃப்ளிப்பரைக் குறை சொல்லும் முன் சாய்வை அளந்து பாருங்கள். இந்தக் காலத்து இயந்திரங்களுக்கு ஏறத்தாழ 3.5 பாகை சாய்வே வழக்கம், இன்றைய இயந்திரங்களுக்கு 6.5. முன்பு வைத்திருந்தவர் ஆட்டம் வேகமாகட்டும் என்று பின்கால்களை உயர்த்தியிருந்தால், 80 கிராம் எஃகுக் குண்டை மேலே ஏற்ற அந்தக் காலத்துக் காயிலால் முடியாது.

பின்கண்ணாடியின் வண்ணப் பக்கத்தை ஈரத் துணியால் துடைத்தால் ஓவியமும் துணியோடு வந்துவிடும். பின்னால் இருக்கும் பல்புகளின் சூடும் அதை உதிர்க்கிறது. 44ஆம் எண் பல்பு 250 மில்லி ஆம்பியர் இழுக்கும், அதே 6.3 வோல்ட்டில் எரியும் 47ஆம் எண் 150 மட்டுமே. மாற்றிவிடுங்கள், வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. ஆடுதளத்துக்கு வண்ணம் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். குண்டு ஐம்பது ஆண்டுகள் ஓடித் தேய்த்த தடத்தைப் பளபளவென்று மூடிய இயந்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மெழுகு பூசுங்கள்; கீறல் விழுந்த பழைய குண்டை மாற்றுங்கள், அது ஆடுதளத்தையே அறுக்கும்.

கேள்வி கேட்டவர்

சாய்வு 6 பாகைக்கு மேல் இருந்தது. இறக்கியதுமே குண்டு மேல்வரிசை வரை போனது. சுவிட்ச் முனையில் கடுகளவு குழி இருந்ததைத் தேய்த்த பின் இடமும் வலமும் ஒரே மாதிரி அடிக்கின்றன. இரண்டாம் ஆட்டக்காரருக்கு 50 முழுதாக விழுந்தது. முதல் சக்கரத்தைத் திறந்தால், யாரோ எப்போதோ விட்ட எண்ணெய் மெழுகைப் போல் இறுகிக் கிடந்தது. அதைத் துடைத்தெடுத்த பின் மணி ஐந்து முறை அடிக்க, சக்கரமும் ஐந்து படி நகர்கிறது. 47ஆம் எண் பல்புகளையும் போட்டுவிட்டேன். ஆடுதளத்தை இப்போதைக்குத் தொடவில்லை.